சும்மா சென்னைக்குப் போகலாமா?

கிணத்துக்கடவுக்காரர் சென்னைக்கு ரயிலேறினால் கையில் ஒரு ஃபைல் இருக்கும். உயர் நீதிமன்றத்தில் நிலத் தகராறு, தலைமைச் செயலகத்தில் ஒரு மனு, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், ஐ.டி. வேலைக்குப் போன மகனுக்கு வாடகை வீடு: இவற்றில் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போகும். வேலை முடிந்த அன்று ராத்திரியே சேரன் எக்ஸ்பிரஸில் திரும்பிவிடுவார். சுற்றிப் பார்க்க என்றால் ஊட்டி, வால்பாறை, டாப்சிலிப். கொஞ்சம் தாராளமாக யோசித்தால் மைசூர். "காரணமில்லாமச் சென்னைக்கு ஆருங்க போவாங்க?" என்பது கொங்கு நாட்டில் கேள்வியே அல்ல, முடிந்துபோன தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்வோம். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும், டிசம்பர் மாதத்தில், ஒரு வேலையும் இல்லாமல், பார்ப்பதற்கென்றே சென்னைக்குப் போனால் அது தகுமா? நான்கு அளவுகோல்கள் போதும். பருவம் ஒத்துவருமா? ஊரைவிட்டு நகர முடியுமா? வேறெங்கும் கிடைக்காத எதையாவது அந்த நகரம் தருமா? இருவரில் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் இருவருக்கும் அது தோதாக இருக்குமா?

முதலில் பருவம். சென்னைக்குக் 'குளிர்காலச் சுற்றுலா' என்று விளம்பரம் செய்பவர்களைக் கிணத்துக்கடவில் யாரும் நம்ப மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னந்தோப்புகளுக்குள் வீசும் மார்கழி அதிகாலையில் இங்கே ஸ்வெட்டர் தேவை. சென்னையிலோ டிசம்பரில் ராத்திரிகூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது, பகலில் 29ஐத் தொடும். குளிரைத் தேடிப் போகிறவர் தவறான திசையில் போகிறார். சென்னைக்கு டிசம்பர் தரும் சலுகை வேறு: மதியம் பன்னிரண்டு மணிக்கும் தெருவில் நடக்கலாம். மே மாதத்தில் அந்த நகரத்தில் அதைச் செய்து பார்த்தவர்களுக்கு இந்தச் சலுகையின் மதிப்பு தெரியும்.

ஆனால் மழையைக் கணக்கில் சேர்க்காத சென்னைப் பயணத் திட்டம் திட்டமே ஆகாது. கோவை நகரத்துக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பதைவிட அதிகமான மழையை வடகிழக்குப் பருவமழை மூன்றே மாதங்களில் அங்கே கொட்டிவிடும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ.; விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் நகரத்தை மிதக்கவிட்டது. மூன்றுமே டிசம்பரின் முற்பாதியில் வந்தவை. பிற்பாதியில் மழையே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் முற்பாதியில் டிக்கெட் போடுவது தெரிந்தே எடுக்கும் ஆபத்து. எனவே முதல் அளவுகோலில் டிசம்பர் பாதி தேர்ச்சி, பாதி தோல்வி.

இரண்டாவது அளவுகோலைச் சுற்றுலாக் கட்டுரைகள் கண்டுகொள்வதே இல்லை. விவசாயக் குடும்பத்தில் இருவரும் ஒரே நேரத்தில் வெளியூர் போவது எளிதல்ல. மாட்டுக்குத் தண்ணி காட்டவும் பால் கறக்கவும் ஓர் ஆள் வேண்டும். தக்காளி அறுவடை நடந்துகொண்டிருந்தால் பேச்சே எடுக்க முடியாது. இவை எல்லாவற்றையும் சமாளித்தாலும் விசேஷங்கள் விடாது. கல்யாணம், சீர், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று கொங்கு நாட்டு நாட்காட்டி நிரம்பி வழிகிறது. மொய் எழுதாத வாரம் என்று ஒன்று உண்டா? அந்தத் தொல்லை இல்லாத மாதங்களில் மார்கழி முக்கியமானது. முகூர்த்தம் கிடையாது. "பங்காளி வூட்டு விசேசத்துக்கு வரலீங்களா?" என்று கேட்க ஆளில்லை. தை பிறந்துவிட்டால் பொங்கல், அதன் பின்னால் வரிசையாகக் கல்யாணங்கள்.

மார்கழி பிறப்பது டிசம்பர் 16ஐ ஒட்டி. புயல் அபாயம் தணியத் தொடங்குவதும், மியூசிக் அகாடமி தன் கச்சேரி வரிசையைத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே நாட்களில். வானம், வீடு, சபா ஆகிய மூன்றின் நாட்காட்டிகளும் ஒத்துப்போகும் ஒரு குறுகிய இடைவெளி இது. கிறிஸ்துமஸையொட்டிப் பள்ளி விடுமுறை தொடங்கியதும் அது மூடிக்கொள்ளும். அதன் பிறகு புத்தாண்டு வரை விடுதி வாடகையும் கடற்கரைக் கூட்டமும் ஏறிக்கொண்டே போகும். ஆக, நம் முன்னால் இருப்பது சுமார் எட்டு, ஒன்பது நாள் கொண்ட ஒரு வாய்ப்பு மட்டுமே. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், அக்டோபர் பிற்பாதியிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

மூன்றாவது அளவுகோலுக்கு வருவோம்: என்ன கிடைக்கும்? வழக்கமான சுற்றுலா வேன்காரர் ஒரு பட்டியல் வைத்திருப்பார். மெரினா, சமாதிகள், வண்டலூர், ஒரு மால், தீம் பார்க், மாமல்லபுரம். இதை நேர்மையாக எடை போட்டால் பாதி கழிந்துவிடும். மால் கோவையிலேயே இருக்கிறது. தீம் பார்க் குழந்தைகளுக்கானது. எம்.ஜி.ஆர். நினைவிடத்தை மட்டும் கழிக்க மனம் வராது. 'மலைக்கள்ளன்' (1954) கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் எடுத்த படம். அந்தத் தலைமுறைக்கு அவர் சொந்த ஊர்க்காரர் மாதிரி. சமாதிக் கல்லில் காதை வைத்துக் கைக்கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் வரிசை இன்றும் உண்டு. டிசம்பர் 24 அவரது நினைவு நாள். அன்று போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம். மெரினாவுக்கு ஒரு விடியற்காலை போதும், மாலை வேண்டாம். மாமல்லபுரம் நல்ல இடம்தான், ஆனால் ஒரு பகலைத் தின்றுவிடும். நாள் மிஞ்சினால் பார்க்கலாம்.

பட்டியலில் பெரும்பாலும் இல்லாத எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில்தான் இந்தப் பயணம் தன் செலவை நியாயப்படுத்துகிறது. 1851இல் தொடங்கப்பட்ட நிறுவனம்; வெள்ளிக்கிழமை விடுமுறை. கொங்கு நாட்டாருக்கு அங்கே சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. போத்தனூர் பக்கத்து வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் அதன் சேகரிப்பில் சேர்ந்தவை. கிணத்துக்கடவிலிருந்து கோவைக்கு வரும் வழிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர் ஒரு காலத்தில் ரோமாபுரிப் பணம் புழங்கிய வணிகப் பாதையில் இருந்தது என்பதை அறிய ஐந்நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருப்பது ஒரு குறைதான். ஆனால் குறை நம் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது, எழும்பூரில் இல்லை.

வெண்கலச் சிலைக் கூடத்தில் அவசரப்படக் கூடாது. திருவாலங்காட்டு நடராசரைச் சுற்றித் தீச்சுடர் வளையம் இல்லை. கடைகளில் விற்கும் பித்தளை நடராசருக்கு இருபுறமும் விசிறிப் பறக்கும் சடையும் இவருக்கு இல்லை. சுழற்சியை எடுத்துக்காட்ட வழக்கமாக உதவும் இரண்டும் இல்லாமலே, இடுப்பின் திருப்பமும் தூக்கிய காலும் மட்டுமே ஆட்டத்தைச் சொல்லிவிடுகின்றன. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பு அவர் இறந்த பிறகு 1921இல் வெளியானது. நேரில் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அதே சேகரிப்பில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். திருச்செங்கோட்டு மலை ஏறிய கொங்குத் தம்பதிக்கு இந்த உருவத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கோயிலில் அலங்காரத்துக்கு உள்ளே மறைந்திருப்பது இங்கே வெளிப்படையாகத் தெரியும். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. சமச்சீர் இல்லாத உடலை விழாமல் நிறுத்தியிருக்கும் அந்தக் கணக்குதான் சோழர் காலச் சிற்பியின் கெட்டிக்காரத்தனம். இப்படி ஒன்றைக் கோவையிலோ மைசூரிலோ பார்க்க முடியாது.

அடுத்தது கச்சேரி. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் விளைவாக மியூசிக் அகாடமி 1928இல் அமைந்தது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய டிசம்பர் சீசன். சென்னையை இசைக்கான படைப்பு நகரம் என்று 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. பெருமை எல்லாம் சரி. கர்நாடக இசை பழக்கமில்லாத கிணத்துக்கடவுத் தம்பதிக்கு இதில் என்ன இருக்கிறது? நியாயமான ஆட்சேபம். சபாக்களின் சூழல் ஒரு குறிப்பிட்ட சமூகத்தையும் படிப்பையும் சுற்றி இறுகிக் கிடக்கிறது என்பதைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா வெளிப்படையாகவே சொல்லி, 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் தெருவில் விழா தொடங்கியவர்களில் ஒருவரானார். வெளியூர்க்காரர் அந்த அரங்கில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் உட்காருவார். இதை மறைத்துப் பேசுவது ஏமாற்று.

ஆனால் நுழைய வேறு வாசல்கள் உண்டு. தமிழ்ப் பாட்டுக்கென்றே ராஜா அண்ணாமலை செட்டியார் 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம், பாரிமுனை அருகே ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பர் பிற்பாதியில் விழா நடத்துகிறது. பாடுவது புரியும், பாதி கூச்சம் அங்கேயே போய்விடும். மற்ற சபாக்களில் பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமில்லை. இளம் கலைஞர்கள் பாடுவார்கள், இடம் தாராளமாகக் கிடைக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரதான உருப்படி முடிந்து மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சீசன் ரசிகர்களில் ஒரு கூட்டம் கேன்டீனுக்கு எழுந்துவிடும். பம்பையும் உறுமியும் கேட்டு வளர்ந்தவர், வள்ளி கும்மிக்குக் கால் தாளம் போட்டவர், எழாமல் உட்கார வேண்டிய இடம் அதுதான். ராகம் தெரியாதவரும் தாளத்துக்கு அந்நியர் இல்லை. தனி முடிந்தபின் கேன்டீனுக்குப் போனாலும் வடை கிடைக்கும்.

மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி அதிகாலை பஜனையும் இதே கணக்கில் சேரும். பாபநாசம் சிவன் முன்நின்று நடத்திய மரபு இன்றும் நடக்கிறது. கட்டணம் இல்லை, இடம் பிடிக்க வேண்டியதும் இல்லை. ஒரு எச்சரிக்கை: மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக மயிலாப்பூரைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பழைய படங்களில் பார்த்த அகலமான தெருவை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

நான்காவது அளவுகோல், இருவருக்கும் ஏற்றதா என்பது. கொங்குப் பயணங்கள் வேன் நிறைய ஆளோடு நடப்பவை. அந்தக் கூட்டத்தில் பெண்களுக்குப் பயணம் என்பது பெரும்பாலும் இடம் மாறிய சமையலறை: புளிசாதம் கட்டுவதும், பிள்ளைகளை எண்ணுவதும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும். இருவர் மட்டும் போகும்போது அந்த வேலை இல்லை. ஆனால் நகரம் பெண்ணை வேறு விதத்தில் சோதிக்கும். கடற்கரை மணலில் மாலை முழுக்க உட்காருவது ஆணுக்குச் சுலபம். பெண் கழிப்பறை எங்கே என்று கணக்குப் போட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். அருங்காட்சியகம், சபா, நூலகம் ஆகிய உள்ளரங்குகள் இந்த வகையில் வெளியிடங்களைவிட மேல். போக்குவரத்தில் பெண் கை ஓங்கும்: 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். "நான் சும்மா வாறேன், நீங்க காசு குடுங்க" என்று அம்மிணி சிரிக்கலாம். சென்ட்ரலிலிருந்து எழும்பூர் மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன்தான். தங்குமிடத்தில் கவனம் வேண்டும்; திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தனி ஆண்களுக்காக ஏற்பட்டவை, தம்பதிக்கு எழும்பூர் அல்லது மயிலாப்பூர்தான் சரி.

போட்டியாளர்களையும் விசாரிக்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது. குளிருக்கு பெங்களூரும் ஊட்டியும் சென்னையைத் தோற்கடிக்கும். தூரத்திலும் அவை கிட்டே. மைசூர் அரண்மனை ஒரே பார்வையில் கண்ணை நிறைக்கும், சென்னையில் அப்படி ஒரு காட்சி இல்லை. சென்னை கண்ணுக்கு உடனடியாக எதையும் தராத ஊர். உட்கார்ந்து பார்ப்பவருக்கும் கேட்பவருக்கும் மட்டும் தரும். ஒரே நாளில் ஏழு இடம் பார்த்தால்தான் காசுக்குத் தகும் என்று நினைப்பவர் மைசூருக்கே போகட்டும். அவர் சென்னைக்குப் போனால் ஏமாறுவார், தப்பு ஊர் மேல் இல்லை.

மற்றவர்களுக்குத் தீர்ப்பு இது: போகலாம், நிபந்தனையோடு. மார்கழி பிறந்தபின், கிறிஸ்துமஸுக்கு முன். நான்கு ராத்திரி, அதில் இரண்டு ரயிலில். வந்தே பாரத் பகலைத் தின்றுவிடும் என்பதால் சேரனோ நீலகிரியோ மேல். நகரத்தில் கிடைக்கும் மூன்று பகலில் ஒரு முழுப் பகல் எழும்பூருக்கு, அது வெள்ளிக்கிழமையாக இருக்கக் கூடாது. ஒரு மதியம் ஏதாவது ஒரு சபாவில், ஒரு மாலை அண்ணாமலை மன்றத்தில், ஒரு விடியல் மயிலாப்பூரில், ஒரு விடியல் கடற்கரையில். புயல் எச்சரிக்கை வந்தால் தயங்காமல் டிக்கெட்டை ரத்து செய்யலாம்; போகிற பணம் ஒரு வெள்ளத்தில் மாட்டிக்கொள்வதைவிட மலிவு. இந்த நிபந்தனைகளில் தேதியை மட்டும் மீறினாலும் மதிப்பெண் பாதியாகக் குறையும். அவற்றைக் கடைப்பிடித்துப் போனால், ஃபைல் இல்லாமல் சென்னைக்குப் போனவர்கள் என்று ஊரில் நாலு பேர் கேலி செய்வார்கள். அடுத்த அக்டோபரில் அவர்களே முன்பதிவுத் தேதி கேட்டு வருவார்கள்.