தேய்மானக் கணக்கு

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று மனசு பேரேட்டைத் திறந்துவிடும். கிறிஸ்டியானோ ரொனால்டோ ஆடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது முற்றியே போச்சு.

2003-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது அவருக்கு வயசு 18. ஒல்லிக்குச்சி உடம்பு, ஏழாம் நம்பர் சட்டை. ஓரத்தில் பந்து கிடைத்தால் போதும். அதைத் தொடாமலே மேலே வலது காலைச் சுற்றுவார், இடது காலைச் சுற்றுவார். எதிரே நிற்கிற தடுப்பாளருக்குத் தலை சுற்றும். பார்க்க அத்தனை ஜோர்! ஆனால் கோல் வாசலில் வான் நிஸ்டல்ராய் என்று ஒருத்தர் பந்துக்காகக் காத்துக்கிட்டே நிற்பார். பந்து வரவே வராது. முதல் சீசனில் ரொனால்டோ அடித்தது மொத்தம் 6 கோல்.

2007 ஆகஸ்ட்டில் போர்ட்ஸ்மவுத் ஆட்டக்காரர் ஒருவரைத் தலையால் முட்டினார் என்று சிவப்பு அட்டை. மூன்று மேட்ச் தடை. சும்மா இருந்த அந்த நாட்களில் ரெனே மியூலன்ஸ்டீன் என்ற பயிற்சியாளர் அவருக்குத் தனியாக வகுப்பெடுத்தார். எங்கே நின்றால், எப்படி உதைத்தால் கோல் விழும்? பாடம் இவ்வளவுதான். ஸ்கோர் போர்டில் அழகுக்குத் தனி மார்க் கிடையாது என்பது அதன் சாரம். பையன் பிடித்துக்கொண்டான். முந்தைய சீசனில் 23 கோல், அந்த சீசனில் 42.

எனக்கு இந்த ரொனால்டோதான் ரொனால்டோ. வித்தையும் இருந்தது, கோலும் விழுந்தது.

2009-ல் ரியல் மாட்ரிட் போனார். 438 மேட்ச், 450 கோல். இடது ஓரத்தில் ஆரம்பித்தவர் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்ந்தார். முழங்கால் முனக ஆரம்பித்த பிறகு நீண்ட ஓட்டங்கள் குறைந்தன, சுற்றல்கள் காணாமல் போயின. ஒரு தொடல், ஒரு தாவல், கோல். பல பேர் இதைப் பக்குவம் என்றார்கள். நான் தேய்மானம் என்பேன். மெஷின் வருஷா வருஷம் தேயும். அதைக் கணக்கில் எழுதாமல் காட்டுகிற லாபம் பொய் லாபம் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். 2016-17-ல் ஜிடேன் அதை ஒழுங்காக எழுதினார். 38 லீக் மேட்ச்சில் 29-ல்தான் ரொனால்டோவை இறக்கினார். பலன்? சாம்பியன்ஸ் லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களில் 10 கோல், கையில் கோப்பை.

அப்புறம்தான் சிக்கல். 2021-ல் மறுபடி யுனைடெட்டுக்கு வந்து அந்த சீசனில் 24 கோல் அடித்தார். டீம் வாங்கியது ஆறாவது இடம். பழியை முழுக்க அவர் தலையில் கட்ட மாட்டேன், அங்கே ஓட்டைகள் ஏராளம். ஆனாலும் பந்து எதிரியிடம் போனால் அவர் துரத்த மாட்டார். அவருக்கும் சேர்த்து மற்றவர்கள் ஓடணும். சொந்தக் கணக்கில் லாபம், கம்பெனிக் கணக்கில் நஷ்டம்! 2022 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக போர்ச்சுக்கல் அவரை பெஞ்சில் உட்கார வைத்தது. அவர் இடத்தில் வந்த கொன்சாலோ ராமோஸ் மூன்று கோல் போட்டார். 6-1 என்று ஜெயித்தார்கள்.

இனி அவ்வளவுதான் என்று நானும் பேரேட்டை மூடினேன்.

2025 ஜூன், மியூனிக். நேஷன்ஸ் லீக் ஃபைனல். ஸ்பெயின் 2-1 என்று முன்னால் இருக்கிறது. ஒரு காலத்தில் ரொனால்டோ பறந்த அதே இடது ஓரத்தில் நுனோ மென்டஸ் என்ற பையன் சீறிப் போய் பந்தை உள்ளே அனுப்புகிறான். அது ஒருவர் மேல் பட்டு மேலே எழும்பி இறங்குகிறது. இறங்குகிற இடத்தில், கோலுக்குப் பக்கத்திலேயே, 40 வயசு ரொனால்டோ. ஒரே தட்டு. 2-2. கடைசியில் பெனால்டியில் போர்ச்சுக்கல் ஜெயித்தது.

மேட்ச் முடிந்ததும் ரீப்ளே போட்டார்கள். நான் பார்த்தது மென்டஸின் ஓட்டத்தை.