கண்டிக்கு ஒரு சிறப்பாற்றல்

‘சிவிலைசேஷன் 6’ விளையாட்டில் கண்டி வெறும் நகர அரசு. அதன் ஆதரவு நம் பக்கம் இருக்கும்போது புதிய இயற்கை அதிசயமொன்றைக் கண்டால் புனிதச் சின்னமொன்று கிடைக்கும். புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் கண்டித் தலதா மாளிகைக்குப் பொருத்தம்தான். ஆனால் கண்டியை முழு நாகரிகமாகவே வடிவமைத்துப் பார்ப்பதில் தனி ருசி உண்டு.

மற்ற அரசுகள் காடு வெட்டி, வீதி போட்டு வளரும். கண்டி மன்னர்களோ பாதைகளை ஒடுக்கமாகவே வைத்து, முள்வாசலும் காவலும் போட்டார்கள். ஆகவே வெட்டாத காட்டுக்கும் போடாத வீதிக்கும் புள்ளி கொடுக்கவேண்டும்! மலையேறும் எதிரி கட்டத்துக்குக் கட்டம் வலுவிழக்கவேண்டும். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படை அழிந்ததை இந்த ஒரு விதியே சொல்லிவிடும்.

தலைவராக, அந்தப் போரில் வென்ற இரண்டாம் இராஜசிங்கனைத்தான் பலரும் எடுப்பார்கள். என் தெரிவு கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன்: தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன், சீயத்துப் பிக்குகளை வரவழைத்து 1753இல் உபசம்பதா எனும் பிக்குகளின் உயர் துறவேற்பை மீட்டவன். மண உறவும் சமயத் தூதும் அவன் ஆற்றல்கள்.

பலவீனமும் வேண்டுமே. பிரதானிகளின் விசுவாசம் குறைந்தால், 1815இல் பிரித்தானியரிடம் கண்டி வீழ்ந்ததுபோல, பெரிய சண்டையில்லாமலே தலைநகர் கைமாறிவிடும்.