களத்துக் கத்தி, சோற்றுக் கத்தி

லண்டன் பேட்டர்ஸீ பக்கம் தேம்ஸ் ஆற்றில் 1857இல் கிடைத்த கத்தி ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் 72 சென்டிமீட்டர். ஒரு பக்கம்தான் கூர். முதுகு நேராக ஓடி, நுனியை நெருங்கியதும் சட்டென்று சரிகிறது. இரும்பில் காடி வெட்டி, வெள்ளி, செம்பு, வெண்கலக் கம்பிகளை அடித்து இறக்கி, பழங்கால ஆங்கிலேயரின் 28 ரூன் எழுத்துகளையும் பதித்திருக்கிறார்கள். கூடவே பேயக்னோத் என்றொரு பெயர். வரிசையில் சில எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. கம்பி வேலையில் அந்தத் தடுமாற்றம் இல்லை. எழுத்தைவிட உலோகத்தோடு அதிகம் பழகிய கை என்றே எனக்குப் படுகிறது.

இந்த வகைக் கத்திக்குப் பழைய ஆங்கிலப் பெயர் 'ஸியாக்ஸ்'. பழைய ஜெர்மனில் 'ஸாஹ்ஸ்', வடக்கே நார்ஸ் மொழியில் 'ஸாக்ஸ்'. 'வெட்டு' என்று பொருள்படும் ஆதி வேர் ஒன்றிலிருந்து கிளைத்தது. மரம் அறுக்கும் ரம்பத்தின் ஆங்கிலப் பெயரான 'ஸா'வும் அந்த வேரின் பிள்ளைதான்.

எனக்குப் பிடித்தது அந்தச் சொல் முன்னால் எதைச் சேர்த்தாலும் ஏற்றுக்கொள்ளும் இயல்பு. 'இரத்தம்' சேர்ந்தால் மருத்துவர் நரம்பு கீறும் கத்தி. 'நகம்' சேர்ந்தால் நகம் வெட்டும் கத்தி. 'மழித்தல்' சேர்ந்தால் சவரக்கத்தி. எழுதும் கருவிக்குக்கூட 'எழுத்து ஸியாக்ஸ்' என்று பெயர் இருந்தது. 'சோறு' சேர்ந்தால் சாப்பாட்டுக் கத்தி. களத்தில் விழுந்த பிணங்களைக் குறிக்கும் 'வேல்' என்ற சொல் சேர்ந்தால் போர்க்கத்தி. (நம் வேல் அல்ல, ஒலி மட்டும்தான் நெருங்கும்.)

அந்தப் போர்க்கத்தியைப் பேயோவுல்ஃப் காவியத்தின் கடைசிப் போரில் பார்க்கலாம். நேய்க்லிங் என்று பெயர் சூட்டப்பட்ட புகழ்பெற்ற வாள், டிராகனின் தலையில் பட்டு உடைகிறது. கிழட்டு அரசன் பேயோவுல்ஃப் பெயரில்லாத கத்தியை உருவி டிராகனின் உடலை நடுவில் கிழிக்கிறான். கவிஞர் வேண்டுமென்றேதான் இப்படி அமைத்தார் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் சுவை. அங்கே சோற்றுக் கத்திக்கு 'மெஸ்ஸி-ஸாஹ்ஸ்' என்று பெயர். வாய்க்கு வாய் தேய்ந்து, நடுவிலிருந்த ஸகரம் ரகரமாகி, வால் உதிர்ந்து, கடைசியில் 'மெஸ்ஸர்' ஆயிற்று. இன்று ரொட்டியில் வெண்ணெய் தடவும் ஜெர்மானியர் கையில் இருப்பது அதுதான். பழைய ஆயுதம் அந்தக் கடைசி ரகரத்தில் ஒளிந்திருக்கிறது. ஸ்வீடனில் 'ஸாக்ஸ்' என்று கேட்டால் கத்தரிக்கோலை எடுத்துத் தருவார்கள்.

சாக்ஸன் இனத்தின் பெயரே இந்தக் கத்தியிலிருந்து வந்தது என்பதுதான் பெருவழக்கான கருத்து. 9ஆம் நூற்றாண்டு லத்தீன் வரலாற்று நூல் ஒன்றில் கதையும் உண்டு: விருந்துக்கு வந்த சாக்ஸன்கள் கத்திகளைக் காலணிக்குள் ஒளித்துவைத்து, தலைவன் ஹெங்கிஸ்ட் குரல் கொடுத்ததும் உருவிப் பிரிட்டானியப் பெரியோரைக் கொன்றார்களாம். நூல் முழுக்க லத்தீன். கத்தியை எடுக்கச் சொல்லும் அந்தக் கட்டளை மட்டும் சாக்ஸன் பேச்சில் இருக்கிறது. அந்த இனத்தின் பெயரைச் சுமக்கும் எஸ்ஸெக்ஸின் கொடியில் இன்றும் மூன்று ஸியாக்ஸ்கள். ஆனால் ஓவியர்கள் அவற்றை அரபுக் கதை வாள்போல வளைத்து, முதுகில் ஒரு வெட்டும் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்.

ஃபிராங்க் இனத்தின் பெயரும் ஓர் எறியீட்டியின் பெயரிலிருந்து வந்தது என்பார் உண்டு. அப்படியானால், அரபியும் பாரசீகமும் கடந்து 'பரங்கி'யாகி நம் ஊருக்கு வந்து, பரங்கிக்காயாகக் குழம்பில் கொதிப்பதும் ஓர் ஆயுதச் சொல்தான்.

கென்ட்டின் ஸிட்டிங்போர்னில் கிடைத்த இன்னொரு ஸியாக்ஸும் அதே அருங்காட்சியகத்தில் உண்டு. தன்னைச் செய்தவன் பியோர்ட்ஹெல்ம் என்று ஒரு பக்கம் சொல்கிறது. தன்னை உடையவன் ஸிகெபெரெஹ்ட் என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் கத்தியே பேசுகிறது. தன்னை 'ஸியாக்ஸ்' என்று எங்கும் சொல்லவில்லை. 'என்னை' என்றே சொல்கிறது.