ஊழியத்துக்குப் போன பிள்ளைகள்

மார்மன் சபை இளைஞர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் சிலவற்றைச் சமீபத்தில் படித்தேன். 2012 முதல் 18 வயதுப் பையனே ஊழியத்துக்குப் புறப்படலாம். போனால் திரும்ப 2 வருஷமாகும். 2019 வரை பெற்றோருடன் தொலைபேசியில் பேச வருஷத்துக்கு 2 நாள்தான் அநுமதி. மற்றபடி கடிதமும் மின்னஞ்சலுமே கதி.

ஆனால் அவற்றில் என்ன இருக்கிறது? வாரம் அற்புதமாகக் கழிந்ததாம், ஆசீர்வாதம் பெருகிற்றாம். எழுத்துப் பிழைகளை நான் பெரிதுபடுத்தவில்லை. எந்தத் தெருவில் நடந்தான், என்ன சாப்பிட்டான், யார் கதவைச் சாத்தினார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே! நம் பிள்ளைகளின் 'நலம், நலமறிய அவா'வும் இதே ரகந்தான்.

பக்தி மிகுந்ததால் வந்த குறையென்று சொல்லிவிட முடியாது. மறுநாள் தொரப்பள்ளியில், 1878-இல் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்கும் பக்தி உண்டு. ஆனாலும், 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல அல்லவா இருக்கிறது! இந்தப் பிள்ளைகளோ பெற்ற தாயிடமே பிரசங்கம் செய்கிறார்கள்.

சாத்திய கதவொன்றைப் பற்றி நாலு வரி, பிழையோடேயே எழுதியிருந்தாலும், அவள் தன் மகனைக் கண்டிருப்பாள்.