எல்லாக் கதவும் திறந்திருக்கிறதா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாளே தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்? அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "பயோ-மேத்ஸ் எடுத்துடு. எல்லாக் கதவும் திறந்திருக்கும். எதுக்குப் போறதுன்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்." தலைமையாசிரியர் இதைச் சொல்கிறார், தாய்மாமன் சொல்கிறார், வழிகாட்டி நிகழ்ச்சி மேடையில் மைக் பிடித்தவரும் சொல்கிறார். கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர் அண்மையில் இந்த அறிவுரைக்காக வெகுநேரம் வாதாடினார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொறுப்பாக எதுவும் சொல்ல முடியாது என்பது அவர் முடிவு. நான் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துவருகிறேன். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுத விரும்புகிறேன்.

முதலில் அவர் பக்கத்து நியாயங்கள். பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்குத் தன் எதிர்காலம் தெரியாமலிருப்பது இயல்பு. இன்று வழக்கறிஞராக வேண்டும் என்பவள் அடுத்த ஆண்டு வேறொன்று சொல்வாள். விதிகளும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கின்றன. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் படிக்காதவருக்கு தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பொதுப் பிரிவில் இடமில்லை. உயிரியல் இல்லாமல் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எழுத முடியாது. ஆனால் அறிவியல் படித்தவர் பி.காம். சேரலாம், சி.ஏ. அடிப்படைத் தேர்வு எழுதலாம், கிளாட் எழுதிச் சட்டம் படிக்கலாம். அறிவியலிலிருந்து மற்றவற்றுக்குப் போகலாம், மற்றவற்றிலிருந்து அறிவியலுக்கு வர முடியாது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த குடும்பத்துக்கு இந்தக் கணக்கு கொடுக்கும் தைரியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு பயோ-மேத்ஸ் நல்ல குரூப் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

என் முக்கிய மறுப்பு இதுதான். இந்த அறிவுரை விண்ணப்பிக்கும் தகுதியை மட்டும் பார்க்கிறது, இடம் கிடைப்பதைப் பார்ப்பதில்லை. விண்ணப்பப் படிவத்தில் பெயர் எழுதும் உரிமையைக் கதவு திறந்திருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் அந்தக் கதவைத் திறப்பது தரவரிசைதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொறியியல் கட்-ஆஃப் மொத்தம் 200. கணிதம் அப்படியே 100, இயற்பியலில் பாதி 50, வேதியியலில் பாதி 50. உயிரியலுக்கு அதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. நீட் தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு. அதில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. அங்கே கணிதத்துக்கு இடமில்லை. ஆக, பயோ-மேத்ஸ் மாணவர் எந்தப் பக்கம் போனாலும், இரண்டு ஆண்டு முழுக்க உழைத்த ஒரு பெரிய பாடம் அவர் தரவரிசைக்கு உதவாது. உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவருக்கும் அந்தப் பாடம் கட்-ஆஃபில் சேராது, உண்மைதான். ஆனால் அந்தப் பாடத்தின் சுமை உயிரியலின் சுமை அல்ல. கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்தவருக்கோ தாவரவியலும் விலங்கியலும் நீட்டில் அப்படியே வந்து சேர்கின்றன. இவர்களோடுதான் பயோ-மேத்ஸ் பிள்ளை போட்டியிட வேண்டும். பொறியியல் கட்-ஆஃபில் அரை மதிப்பெண் குறைந்தாலே தரவரிசை வெகுவாகக் கீழே போய்விடும் என்பது கலந்தாய்வுக்குப் போய்வந்த எல்லாருக்கும் தெரியும்.

சுமை என்று சொன்னதை அருகில் சென்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் எட்டு இயல்கள். 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் பன்னிரண்டு இயல்கள், இரண்டு தொகுதிகள். கணங்களில் தொடங்கி முக்கோணவியல், அணிகள், வெக்டர், எல்லைகள், வகையீடு, தொகையீடு என்று போகிறது. அதற்கு முந்தைய ஆண்டு வரை பிள்ளை கண்ணால் பாராதவை இவற்றில் பல. இயற்பியலில் பதினொரு அலகுகள், வேதியியலில் பதினைந்து. உயிரியலோ உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள். ரெக்கார்டு நோட்டுகளே நான்கு எழுத வேண்டும். காலையில் கணித டியூஷன், மாலையில் இயற்பியல் டியூஷன், இரவு பதினொரு மணிக்கு விலங்கியல் படம் வரைவது என்று ஓடுகிற வீடுகளை நாம் எல்லாரும் அறிவோம். இதையெல்லாம் "அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்துக்காக அந்தப் பிள்ளை சுமக்கிறது.

எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்பில் தமிழில் 98, ஆங்கிலத்தில் 90, கணிதத்தில் 71, அறிவியலில் 86, சமூக அறிவியலில் 98 வாங்கினாள். கூட்டினால் 443. அந்தப் பள்ளியில் 440க்கு மேல் வாங்கியவர்களுக்கு முதல் குரூப், அதாவது பயோ-மேத்ஸ். மதிப்பெண் பட்டியலைப் பார்த்த எவருக்கும் அவள் எதில் வல்லவள் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அட்மிஷன் மேசையில் இருந்தவர்கள் ஐந்து எண்களைப் பார்க்காமல் ஒரே எண்ணைப் பார்த்தார்கள். அவள் தந்தைக்கும் அதுவே பெருமையாக இருந்தது. பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 31. பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் தேறினாள்: கணிதம் 52, இயற்பியல் 58, வேதியியல் 62. கட்-ஆஃப் 112. நீட்டும் எழுதினாள், பயனில்லை. கடைசியில் கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தாள். உடன் படிப்பவர்களில் பலர் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் பள்ளியிலேயே வரைந்து பழகியவர்கள். அவளுக்கு அவை முதன்முறை. தான் எதிலும் சுமார்தான் என்ற எண்ணமும் அந்த இரண்டு ஆண்டுகளில் அவளுக்குள் குடியேறிவிட்டது.

"அதான் பொருளாதாரம் கிடைச்சிடுச்சே, என்ன நஷ்டம்?" என்று என் நண்பர் கேட்டார். நஷ்டம் இதுதான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படிதான் நடக்கிறது. விருப்பமான நான்கு பாடங்களில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியிருக்கக்கூடிய பிள்ளை, விருப்பமில்லாத நான்கில் ஐம்பதும் அறுபதும் வாங்கிக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிறாள். நல்ல கல்லூரியின் பொருளாதாரத் துறை அவளுக்குக் கிடைக்காமல் போகிறது. அறிவியலிலிருந்து எங்கும் போகலாம் என்பது விதிப்படி சரி. தோற்றுப்போய்ப் போவதற்கும் தேர்ந்தெடுத்துப் போவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த விதி கணக்கில் எடுப்பதில்லை, பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எல்லாக் கதவும்" என்று சொல்பவர்கள் மனத்தில் இருப்பவை இரண்டே கதவுகள்: மருத்துவம், பொறியியல். மற்றவற்றை அவர்கள் எண்ணவே இல்லை. தமிழ்நாட்டில் முதல் குரூப் எடுக்கும் மாணவர் வரலாறு, குடிமையியல், பொருளாதாரம், புவியியல் ஆகியவற்றைப் பத்தாம் வகுப்போடு மூடிவைத்துவிடுகிறார். கல்லூரியிலும் அறிவியலோ பொறியியலோ என்றால் வாழ்நாளில் மறுபடி திறக்கப்போவதில்லை. அரசமைப்பைப் பற்றியும் வரியைப் பற்றியும் அவர் முறையாகப் படித்த கடைசிப் பாடம் பதினைந்து வயதில் படித்ததாகிவிடுகிறது. பிறகு அவரே டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுக்கு உட்காரும்போது ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். கதவை மூடுவது என்றால் இதுவும் மூடுவதுதான். வரலாறு எடுத்தால் இயற்பியல் போய்விடும் என்று பதறுகிறோம். இயற்பியல் எடுத்தால் வரலாறு போய்விடுமே என்று பதறிய ஒரு பெற்றோரையாவது பார்த்திருக்கிறோமா?

பட்டியல் அவ்வளவு சிறியதும் அல்ல. மேல்நிலையில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் இருக்கிறது, அரசியல் அறிவியல் இருக்கிறது, மனையியல் இருக்கிறது, சிறப்புத் தமிழ் இருக்கிறது. தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல், செவிலியம், அடிப்படை மின் பொறியியல், நெசவியலும் ஆடை வடிவமைப்பும் இருக்கின்றன. கேட்க ஆள் இல்லை என்று பல பள்ளிகள் இவற்றை நடத்துவதில்லை. பள்ளியில் இல்லை என்று பெற்றோர் கேட்பதில்லை. 'முதல் குரூப்தான் பத்திரம்' என்ற ஒரே அறிவுரையை எல்லாருக்கும் எல்லா ஊரிலும் சொல்லிச் சொல்லி, இருக்கும் தெரிவுகளையும் நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பயம் அரசையும் விடவில்லை. மூன்று முதன்மைப் பாடங்களை மட்டும் எடுத்து 500 மதிப்பெண்ணுக்குப் படிக்கும் வழியையும் மாணவர் விரும்பினால் தேர்ந்தெடுக்கலாம் என்று 2019இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பொறியியலை நோக்கியவர் உயிரியலை விடலாம், மருத்துவத்தை நோக்கியவர் கணிதத்தை விடலாம். யாரையும் கட்டாயப்படுத்தாத ஏற்பாடு அது. உயர்கல்வி வாய்ப்பு குறையும் என்ற எதிர்ப்புக்குப் பின் 2020இல் அது திரும்பப் பெறப்பட்டது. கிராமத்துப் பள்ளிகளில் மூன்று பாடமே கட்டாயமாகிவிடுமோ என்ற அச்சத்துக்கு அடிப்படை இருந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அன்று பேசியவர்களில் பெரும்பாலோர் வாய்ப்பைப் பற்றிப் பேசினார்களே தவிர, நான்காவது பாடம் ஒரு பிள்ளையின் மற்ற மூன்று பாடங்களை என்ன செய்கிறது என்பதைப் பேசவில்லை.

விதிகளும் இதற்கிடையே தளர்ந்துவருகின்றன. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. பதினேழு வயதில் மருத்துவ ஆசை உண்மையாகவே வந்தால், ஓராண்டு கூடுதலாகப் படித்து அந்தப் பக்கம் போக வழி இருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம் என்ற ஓர் ஆசைக்காக எல்லாப் பிள்ளைகளின் இரண்டு ஆண்டுகளையும் முன்கூட்டியே அடகு வைக்க வேண்டியதில்லை.

இந்த அறிவுரை இவ்வளவு உறுதியாக நிலைத்திருப்பதற்குக் காரணம் பிள்ளையின் நலன் மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை. இது பெரியவர்களை ஒரு கடினமான வேலையிலிருந்து விடுவிக்கிறது. பிள்ளையோடு உட்கார்ந்து, எந்தப் பாடத்தில் நேரம் போவது தெரியவில்லை, எந்தப் புத்தகத்தைத் திறக்கவே கைவரவில்லை, மதிப்பெண் புரிந்து வந்ததா மனப்பாடத்தில் வந்ததா என்று பேச வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், சில சமயம் நம் ஆசையை விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பயோ-மேத்ஸ் என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு தேவையில்லை. முடிவைத் தள்ளிப்போடுவது நாம், அதற்கான உழைப்பைக் கொடுப்பது பிள்ளை. இதைத்தான் பொறுப்பு என்று என் நண்பரைப் போன்ற நல்லவர்களும் சொல்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? மொத்த மதிப்பெண்ணை வைத்துக் குரூப் பிரிப்பதைப் பள்ளிகள் கைவிட வேண்டும். கணிதக் குரூப்புக்குக் கணித மதிப்பெண்ணும் அறிவியல் மதிப்பெண்ணும் போதும், அதில் தமிழையும் சமூக அறிவியலையும் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. 2025 மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. இந்த இடைவெளியைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தப் பயன்படுத்தாமல், காலாண்டுத் தேர்வுக்குப் பின் ஒருமுறை குரூப் மாற்றிக்கொள்ளப் பயன்படுத்தலாம். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களின் வழிகாட்டுதல் பிளஸ் டூவுக்கு முன்பே, ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளிலேயே அழுத்தமாகத் தொடங்க வேண்டும். குரூப் எடுத்த பிறகு சொல்லும் வழி பாதி வழிதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அட்மிஷனுக்கு முன் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம், உயிரியல், கணக்குப்பதிவியல், வரலாறு நான்கிலும் முதல் இயலைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதை மூடாமல் படிக்கிறது என்று பக்கத்திலிருந்து பாருங்கள். அதன் பிறகும் அது பயோ-மேத்ஸ்தான் வேண்டும் என்றால் மகிழ்ச்சியோடு சேர்த்துவிடுங்கள். வேறொன்றைக் கேட்டால், அந்தக் குரூப் இருக்கும் பள்ளியைத் தேடிப் போய்ச் சேருங்கள்.