இணைப்பித் தெரிவுகளும் உரிமையின் எல்லையும்: சிமேக் கருவி குறித்த திறனாய்வு

முன்னுரை

தொகுப்பி ஆக்கித்தரும் இடைநிலைக் கோப்புகளையும் நிரலகங்களையும் ஒன்றுசேர்த்து இயங்கத்தக்க கோப்பாக்குவது இணைப்பியின் பணியாகும். அதற்கு இடப்படும் கட்டளைக் குறிப்புகளே இணைப்பித் தெரிவுகள். கிட்வேர் நிறுவனத்தில் உருவான சிமேக் என்னும் மென்பொருள் கட்டமைப்புக் கருவி, இத்தெரிவுகளைக் கையாளும் முறையில் அடைந்த மாற்றத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பொதுமாறியின் குறை

முற்பட்ட வழக்கில் ‘சிமேக்_எக்ஸி_லிங்கர்_ஃபிளாக்ஸ்’ என்னும் மாறியே பெரிதும் பயன்பட்டது. அது தன் அடைவிலும் உள்ளடைவுகளிலும் உருவாகும் இயங்கு கோப்புகள் அனைத்தையும் பற்றும். ஒன்றிற்கு வேண்டிய தெரிவு பிறவற்றின் மீதும் ஏறும். இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. இம்மாறியின் தொடக்க மதிப்பு, முதல் அமைவாக்கத்தின்போது ‘எல்டிஃபிளாக்ஸ்’ என்னும் சூழல் மாறியிலிருந்து பெறப்படுகிறது. டெபியன் பொதிகளில் ‘பைண்ட்நவ்’ பாதுகாப்பு இயக்கப்படும்போது அதற்குரிய தெரிவு இவ்வழியே வருகிறது. திட்ட ஆசிரியர் பழைய மதிப்பைப் பேணாது புதுமதிப்பை இடுவாராயின் அப்பாதுகாப்பு நீங்கிவிடும். கட்டமைப்போ பிழையின்றி முடியும்.

இலக்குசார் அணுகுமுறை

2018 நவம்பரில் வெளிவந்த 3.13ஆம் பதிப்பு ‘டார்கெட்_லிங்க்_ஆப்ஷன்ஸ்’ என்னும் கட்டளையை அறிமுகப்படுத்தியது. இதன்வழி ஒவ்வொரு தெரிவும் ஒரு குறிப்பிட்ட இலக்கிற்கு உரியதாகிறது. ‘பிரைவேட்’ எனில் அவ்விலக்கிற்கு மட்டும். ‘இன்டர்ஃபேஸ்’ எனில் அதனைச் சார்ந்தவற்றிற்கு மட்டும். ‘பப்ளிக்’ எனில் இரண்டிற்கும். ‘லிங்கர்:’ என்னும் முன்னொட்டு, ஜிசிசி, கிளாங் ஆகிய தொகுப்பிகள் இணைப்பிக்குத் தெரிவுகளைக் கடத்தும் முறைகளிடையே உள்ள வேறுபாட்டை மறைக்கிறது. தெரிவின் எல்லையை வெளிப்படையாக எழுதவைத்தமையே இக்கட்டளையின் சிறப்பு எனலாம்.

எஞ்சும் இடர்கள்

எனினும் மூன்று இடர்கள் எஞ்சுகின்றன. முதலாவது, நிலைநிரலகத்தை உருவாக்குவது காப்பகக் கருவியேயன்றி இணைப்பியன்று. ஆதலின் அத்தகு இலக்கிற்கு ‘பிரைவேட்’ என இடப்படும் தெரிவு பயனின்றிப் போகிறது, பிழைச்செய்தியும் எழுவதில்லை. இரண்டாவது, ஒரே தெரிவு மீண்டும் வரின் கருவி அதனை நீக்கிவிடும். இரு சொற்களாலான தெரிவு இருமுறை வருமிடத்து முதற்சொல் ஒருமுறையே எஞ்சிப் பொருள் சிதையும்; இதனைத் தவிர்க்க ‘ஷெல்:’ முன்னொட்டு வேண்டும். மூன்றாவதே அடிப்படையானது. இணைப்பி வரிசையைச் சார்ந்து இயங்குவது. ஜிசிசி வழக்கில் இலக்கின் தெரிவுகள் இடைநிலைக் கோப்புகளுக்கு முன்னும் நிரலகங்கள் அவற்றிற்குப் பின்னும் நிற்கும். ஆகவே ஒரு நிரலகத்தை மட்டும் முழுமையாக உட்கொள்ளச் செய்ய, அதன் இருபுறமும் இடவேண்டிய ‘ஹோல்-ஆர்க்கைவ்’ போன்ற இணைத்தெரிவுகளை இக்கட்டளையால் உரிய இடத்தில் நிறுத்த இயலாது. 2022இல் வெளிவந்த 3.24ஆம் பதிப்பின் ‘லிங்க்_லைப்ரரி’ தொடர், அத்தெரிவை இலக்கோடன்றி நிரலகத்தோடு பிணைத்து இக்குறையைக் களைந்தது.

முடிவுரை

இலக்குசார் கட்டளை வந்தபின் பொதுமாறி தேவையற்றது என்னும் கருத்து இதனால் ஏற்கத்தக்கதன்று. மென்பொருளைப் பொதியாக்குவோர் விதிக்கும் பாதுகாப்புத் தெரிவு பொதுமாறிக்கு உரியது. திட்ட ஆசிரியர் அதனைத் தீண்டலாகாது. நிரலின் இயல்பான தேவை இலக்கிற்கு உரியது. இடம் சார்ந்த தெரிவு நிரலகத்திற்கு உரியது. எந்தக் கட்டளை புதியது என்பதைவிட, தெரிவை விதிக்கும் உரிமை யாருடையது என்னும் வினாவே கட்டமைப்புக் கோப்பின் செம்மையை முடிவுசெய்கிறது என்பது புலனாகிறது.