வெள்ளவத்தையும் பழைய மாமல்லபுரம் சாலையும்

புது வீட்டில் பால் பொங்கவிட்டுக் குடிபுகும் வழக்கம் சென்னைக்கும் கொழும்புக்கும் பொது. கொழும்பில் சிங்களக் குடும்பங்களும் அவ்வாறே செய்கின்றன. அதற்குப் பிறகு வந்த இடத்தோடு ஒட்டி வாழ்வதில்தான் இரு கரைகளும் வேறுபடுகின்றன. கொழும்பின் வெள்ளவத்தையும் சென்னைக்குத் தெற்கே நீளும் பழைய மாமல்லபுரம் சாலையும் கடலுக்கு அருகே வேகமாக வளர்ந்த பகுதிகள். இரண்டிலும் வெளியூர்த் தமிழர் பெருமளவில் குடியேறினார்கள்.

வெள்ளவத்தைக்கு வந்தவர்களில் பலரை அங்கே துரத்தியது இலங்கையின் உள்நாட்டுப் போர். வடக்கிலும் கிழக்கிலும் வாழ முடியாமற்போனவர்கள் வரவர, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் பழைய தனி வீடுகள் மறைந்து தொடர்மாடிகள் எழுந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வாங்கியவை பல. வாடகைக்கு வீடு பிடிப்பதென்றாலும் ஊர்த்தொடர்புதான் உதவும். சித்தப்பாவோ மாமியின் அயலவரோ சொல்லிவிட வேண்டும். "நீங்கள் எவடம்? ஆற்றை மகன்?" என்ற கேள்விகளுக்குப் பிறகே வாடகைப் பேச்சு. வந்தவரைத் தாங்கும் அமைப்புகளும் ஏற்கெனவே இருந்தன: 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன், பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில், யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே அங்கு கூடிவிடும்.

இந்த நெருக்கத்துக்கு அச்சமும் காரணம். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. போர்க்காலத்தில் வீட்டில் தங்குவோரின் பெயர்களைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 அன்று, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றித் தலைநகரை விட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சொந்த நாட்டுத் தலைநகரில் தங்கும் உரிமையை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறவேண்டியிருந்த மக்கள், ஊர்க்காரரை இறுகப் பற்றிக்கொண்டதில் என்ன வியப்பு?

பழைய மாமல்லபுரம் சாலைக்கு ஆட்களை அழைத்தது வேலை. 2000 இல் தரமணியில் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்ட பின், பெருங்குடி, காரப்பாக்கம், நாவலூர், சிறுசேரி என்று கிராமங்களாக இருந்தவை கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் ஆயின. மதுரைக்காரரும் ஆந்திரக்காரரும் வங்காளியும் ஒரே தளத்தில் வசிக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணத்துக்கு வரம்பாக வைத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளவும் இடம் தந்ததால், பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் ஒழியவில்லை. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வேறு வீடு பார்ப்பவர்கள் உண்டு. ஆனாலும் குடியிருப்போர் சங்கம் புதியவரை விரைவில் சேர்த்துக்கொள்கிறது. தண்ணீர் லாரியும் பராமரிப்புக் கட்டணமும் பொங்கலும் ஓணமும் அந்நியர்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்துவிடுகின்றன. ஊர்ப்பெயரை நம்பாமல் இப்படிக் கூடி வாழப் பழகியது வெள்ளவத்தை கற்க வேண்டிய நல்ல பாடம்.

அந்தச் சேர்க்கை காவலாளி நிற்கும் வாசலோடு நின்றுவிடுவதுதான் துயரம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அரசு கொண்டுவந்து குடியமர்த்தியது. அவர்களும் இதே பகுதிக்குப் புதியவர்கள்தான். அவர்களில் பல பெண்கள் இந்த அடுக்குமாடிகளில் சமைக்கவும் துடைக்கவும் வருகிறார்கள். ஆனால் சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. கடலோர மீனவக் குப்பங்களும் அப்படியே வெளியே நிற்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டவர்கள் மீனவர்கள். அவர்களுக்கான நன்றி, வெள்ளம் வடிந்த பின்னும் நிலைத்திருக்க வேண்டும்.

வெள்ளவத்தைக்கும் இப்படியொரு வெளிப்புறம் உண்டு. 1983 இல் தம் வீட்டில் தமிழரை ஒளித்துவைத்துக் காத்த சிங்கள அயலவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட அயலவரோடு மனம்விட்டுப் பேசும் அளவுக்குச் சிங்களம் தெரியாமலே அங்கு பல்லாண்டு வாழ்ந்துவிடலாம். கடை, கோயில், வைத்தியர் எல்லாம் தமிழிலேயே கிடைத்துவிடும். அயலைக் கண்டு அஞ்சியவர்களுக்கு அது பாதுகாப்பாக இருந்தது. அந்த அயலோடு இனி வளரப்போகும் பிள்ளைகளுக்கு அது போதாது. அவர்கள் சிங்களம் பேசப் பழக வேண்டும். தொடர்மாடிக் கூட்டங்களில் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களோடு உட்கார்ந்து முடிவெடுக்கும் பழக்கம் பெரியவர்களுக்கு வர வேண்டும். சென்னைச் சங்கங்களோ, வேலைக்கு வரும் பெண்களின் கூலியையும் குப்பத்து மக்களின் கடற்கரை உரிமையையும் தங்கள் கூட்டத்தில் பேசியாக வேண்டும். அயலாரின் நன்மை தீமையில் பங்கெடுக்கும்போதுதான் வாடகைக்கு வந்தவர் அந்த ஊர்க்காரர் ஆகிறார்.